எந்தப் பிரச்சினை?

தென்காசியில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். பொதுப் பெயர்ச்சொற்கள் பாடம் வந்தால் வாய் கிழியப் பேசுவேன். 'திங்', 'மேட்டர்', 'ப்ராப்ளம்' எல்லாம் அந்தரத்தில் வரக்கூடாது. முன்னால் சொன்ன ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் வரவேண்டும், அப்போதுதான் வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டும் என்பேன். அப்படிப்பட்ட நான் எழுதிய கடிதம்தான் மேலகரத்தில் எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்கு உலை வைக்கப் பார்த்தது.

அக்காவுக்குத் திருநெல்வேலியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். கணவர் துபாயில். லீவு வேண்டுமென்றால் வீட்டிலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வரட்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

"அவுக வராம நான் ஆஸ்பத்திரிப் படி ஏறமாட்டேன்" என்று அக்கா பிடிவாதமாக இருந்தார்.

எங்கள் தெருவில் அந்த நோயின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் வீட்டுக்குள் வந்துவிடுமாம். அக்காவும் "அந்தச் சங்கதி" என்றுதான் சொன்னார். படித்த நானும் அதே பயத்தில், "இந்தப் பிரச்சினை காரணமாக", "விஷயம் அவசரமானதால்" என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினேன். நடை நன்றாக இருக்கிறது என்று பெருமை வேறு.

குற்றாலச் சீசன் கூட்டத்தில் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வரும்போது கம்பெனியிலிருந்து என் போனுக்குப் பதில் வந்தது. எந்தப் பிரச்சினை? அவ்வளவுதான். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. மாணவிகள் யாராவது இப்படி எழுதியிருந்தால் நோட்டைத் தூக்கி எறிந்திருப்பேன்.

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். "தப்பு எம்மேலதான்க்கா. என்ன நோயின்னு நான் எழுதவே இல்ல."

அக்கா பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். "பேரச் சொன்னா புதுசாவா வரப்போவுது டீச்சர்? அதான் வந்துட்டுல்லா. எழுதுங்க. மார்புல கேன்சர்."

முதல் வரியிலேயே எழுதினேன். பின்னால் வந்த பிரச்சினையும் விஷயமும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றன. மறுநாளே லீவு கிடைத்தது. அப்பாடா என்று உட்கார்ந்தவள், அழுதேவிட்டேன்.

கணவர் வந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீடு திரும்பிய அக்காவைப் பார்க்கத் தெருப் பெண்கள் வந்தார்கள். "ஒடம்புக்கு என்னமோன்னு சொன்னாக..." என்று ஒருத்தி இழுத்தாள்.

"கேன்சர்" என்றார் அக்கா. "எடுத்தாச்சு."

கதவோரம் நின்ற ஒரு பெண் மெல்லச் சொன்னாள். "எனக்கும் ஒரு கட்டி இருக்கு. ஆறு மாசமா யார்ட்டயும் சொல்லல."

அக்கா கட்டிலில் நகர்ந்து, அவள் உட்கார இடம் விட்டார்.