சிரித்தால் மட்டும் விழும் படம்

பேய், பிசாசு, முனி என்று யாராவது ஆரம்பித்தால் பாதியிலேயே எழுந்து போய்விடுகிற ஆள் நான். வேலை பார்த்த காலம் முழுக்கத் தேயிலை பெக்டரியில் மெஷினோடு கிடந்தவன். ரோலர் நின்றால் பெல்ட் அறுந்திருக்கும், இல்லையென்றால் மோட்டார் சூடாகியிருக்கும், எவனும் மேலோகத்திலிருந்து வந்து நிறுத்தி நான் கண்டதில்லை. பெக்டரிக்குப் பின்னால் வெள்ளையாக எதையோ பார்த்தேன் என்று ஒருவன் காய்ச்சலில் படுத்தபோது, கசிப்புச் சாராயத்தைக் குறைத்தால் காய்ச்சல் தானாக இறங்கும் என்று அவன் பெண்சாதி முன்னாலேயே சொல்லிவிட்டு வந்தேன். அப்படிப்பட்டவன் இதைச் சொல்கிறேன். சிரிக்க வேண்டுமென்றால் முழுதும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எங்கள் தோட்டம் ராகலைக்கு மேலே. என் மனைவி ராஜேஸ்வரி போய் இரண்டு வருடமாகிறது, சீனி வருத்தம் கடைசியில் சிறுநீரகத்தைப் பிடித்துக்கொண்டது. ஒரே மகன் சுதாகரன் கொழும்பில் வேலை, வத்தளையில் மாடி வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறான். தாயின் காரியம் முடிந்த நாளிலிருந்து என்னை வா வா என்கிறான். நான் ஏதாவது ஒரு சாக்கு, மழை, முழங்கால், மரக்கறிப் பாத்தி என்று சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தேன். உண்மைக் காரணத்தை அவனிடம் எப்படிச் சொல்வது? நான் போய்விட்டால் ராஜேஸ்வரி தனியாக இருப்பாளே என்பதுதான் காரணம். செத்தவள் எப்படித் தனியாக இருப்பாள் என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் என்னையே அப்படித்தான் கேட்டு ஏசிக்கொண்டேன். ஆனாலும் மனது கேட்கவில்லை. தோட்டம் கொடுத்த வரிசை வீடு இது, இந்த லயத்துக் காம்பராவைக் காலி செய்தால் வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள், திரும்பி வர இடம் கிடையாது.

இருந்ததும் ஒன்றும் சுகமாக இல்லை. பக்கத்துக் காம்பராக்காரர்கள் இரண்டு பக்கமும் கொழும்புக்குப் போய்விட்டார்கள். பின்னேரம் பனிமூட்டமாக மிஸ்ட் இறங்கினால் நாய் குரைக்கிற சத்தம்கூட இருக்காது. ஒரு பிடி அரிசி போட்டு வடித்து அதையும் மீதி வைப்பேன். இந்த மழைக்குக் காய்ச்சல் வந்து விழுந்தேன், தண்ணீர் கொதிக்க வைக்க ஆளில்லாமல் கிடந்தது மகனுக்குத் தெரிந்துபோய், வேன் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று நாளும் குறித்துவிட்டான். சரி என்றேன். போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கெமராவுக்கு வருகிறேன். மருமகள் நிரோஷா போனில், மாமா, அத்தையோட பழைய டிஜிட்டல் கெமரா இருந்தால் எறிந்துவிடாமல் கொண்டு வாருங்கள், இப்போது கொழும்புப் பிள்ளைகள் எல்லாம் அதைத்தான் தேடித் திரிகிறார்கள் என்றாள். நல்ல போனை வைத்துக்கொண்டு பழைய கெமராவைத் தேடுகிற காலம், என்ன சொல்ல. ராஜேஸ்வரி அதைப் பெட்டியின் அடியில் சீலைக்கு நடுவே சுற்றி வைத்திருந்தாள். சவர்க்காரக் கட்டி அளவுதான் இருக்கும். குவைத்தில் வீட்டு வேலைக்கு இருந்தபோது வாங்கியது. உள்ளே எல்லாம் அரபி எழுத்து, எதை அமத்தினால் என்ன வரும் என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் வாங்கி வந்த நாளிலிருந்து லயத்தில் ஒரு சடங்கு, ஒரு திருவிழா தப்பாது, எல்லோரையும் நிற்க வைத்து எடுப்பாள். என்னை மட்டும் அதில் ஒருநாளும் எடுக்க முடிந்ததில்லை. முன்னால் வைத்துக்கொண்டு காத்திருப்பாள், நான் பொறுமை கெட்டு ஏசுவேன், நான் ஏச ஏச அவளுக்குச் சிரிப்பு வரும், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவாள். என் ஏச்சுக்கு இந்தத் தோட்டத்தில் பயப்படாத ஒரே ஆள் அவள்தான்.

பேட்டரியைச் சார்ஜில் போட்டேன், கெமரா உயிர் பிடித்தது, ஆனால் படம் எடுக்கவில்லை. அமத்தினால் முன்னால் செம்மஞ்சளாக ஒரு சின்ன வெளிச்சம் விட்டு விட்டு எரிகிறது, அவ்வளவுதான். ராகலை டவுனில் சாமான் கடை வைத்திருக்கும் நானாவிடம் கொண்டுபோனேன். அவர் குர்ஆன் ஓதப் படித்தவர், எழுத்தைக் கூட்டி வாசிப்பார். கொஞ்ச நாள் சவூதியில் கடையில் நின்றவர் என்பதால் பாஷையும் பாதி தெரியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அண்ணே, இது சிரிச்சாத்தான் எடுக்கும். அமத்தி வச்சிட்டா காத்துக்கிட்டே இருக்கும், முன்னுக்கு நிக்கிற ஆள் பல்லைக் காட்டினா அதுவா அடிக்கும். வரிசையா ஆறு படம் எடுத்திட்டுத் தானா நின்னுரும். அண்ணி அப்பிடி வச்சிருக்காங்க."

நானா கடையிலேயே முன்னால் நின்று சிரித்துக் காட்டினார், டிக் என்று அடித்தது. அட, இதனால்தான் என் படம் ஒன்றுகூட விழவில்லையா என்று அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. மாற்றித் தரவா என்றார், அவள் வைத்தது அப்படியே இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் பின்னேரம். கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் எல்லாம் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மிஸ்ட் ஜன்னல்வரை வந்துவிட்டது. மூட்டை கட்டியாயிற்று. கொண்டுபோவதற்கு வீட்டை ஒரு படம் எடுத்துக்கொள்வோம் என்று தோன்றியது, அதிலும் அடுப்படியை. எங்கள் ஊர்க் குளிருக்கு வீட்டில் மனிதர் இருக்கிற இடம் அதுதானே. அடுப்புக்குப் பக்கத்தில் அவள் உட்காருகிற பலகை இன்னும் அங்கேயே கிடந்தது. பெட்டியை இழுத்துப் போட்டு, அதன்மேல் கெமராவை அடுப்பைப் பார்க்க வைத்து அமத்தினேன். வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தது. காத்திருந்தேன். ஆளே இல்லாத இடத்தில் எது சிரிக்கும் என்று பிறகுதான் உறைத்தது, எனக்கு வந்ததே கோபம். சனியனே, கடைசி நாளிலும் என் உயிரை வாங்குகிறாயா என்று சத்தம் போட்டேன்.

டிக் என்று அடித்தது.

நான் கெமராவுக்குப் பின்னால் நிற்கிறேன். முன்னால் அடுப்பும் பலகையும்தான். பழுதென்றால் காரணம் இருக்கும், அதைக் கண்டுபிடிக்கத்தானே சம்பளம் வாங்கினேன். சும்மா நின்று பார்த்தேன், வெளிச்சம் மட்டும் எரிந்தது. கையைத் தட்டினேன், ஒன்றுமில்லை. சத்தத்துக்கு அடிக்கிறதோ என்று தகரப் பேணியைத் தரையில் போட்டேன், அப்போதும் இல்லை. உன்னைத் தூக்கி ஆற்றில் எறியப்போகிறேன் பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏசினேன், அடித்தது. நம்பினால் நம்புங்கள், நான் ஏசினால் மட்டும் அடித்தது. ஐந்தாவது படம் விழுந்ததும் ஏசுவதை நிறுத்தினேன். நான் ஏசும்போது சிரிக்கிற ஆள் உலகத்தில் யார் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். பயம் என்று சொல்ல மாட்டேன். உள்ளே போகவும் முடியவில்லை, எழுந்து போய்விடவும் முடியவில்லை. இருட்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்து, அடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற அடுப்படி வாசலில் நின்றேன். கெமரா இப்போது என்னையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"ராசேசு, நாளைக்கு நான் போறேன். மவன் கூப்புடுறான்."

வெளிச்சம் எரிந்துகொண்டே இருந்தது. வேறு ஒன்றுமில்லை. அந்த அமைதி எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னை என்ன பண்ணச் சொல்ற? இங்கேயே கெடந்து சாகச் சொல்றியா?"

டிக் என்றது. பிறகு வெளிச்சம் அணைந்துவிட்டது. மறுநாள் காலையில் வேன் வந்தது, நான் போய்விட்டேன்.

வத்தளையில் நிரோஷா எங்கெங்கோ விசாரித்து அந்தக் கெமராவின் கார்டைப் போடுகிற சாமான் ஒன்றைத் தேடிப் பிடித்து, அன்றைக்கு அடுப்படியில் விழுந்த ஆறு படங்களையும் கம்ப்யூட்டரில் பெரிதாகப் போட்டுக் காட்டினாள். எதிலும் ஒரு உருவமும் இல்லை, புகைகூட இல்லை, அதனால் நீங்கள் அப்படி எதையும் எதிர்பார்க்க வேண்டாம். முதல் ஐந்து படத்திலும் அடுப்பும் பலகையும் தெளிவாக இருந்தன, பின்னால் இருக்கிற சுவர் மங்கல். இந்தக் கெமரா முகத்தைத் தேடிப் பிடித்து, அந்த முகம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதைத்தான் தெளிவாக எடுக்கும் மாமா என்று நிரோஷா சாதாரணமாகச் சொன்னாள். ஆறாவதில் நான் வாசலில் நிற்கிறேன், அந்தக் கெமராவில் என்னுடைய ஒரே படம், முகம் கலங்கிப் போய் மங்கலாக இருக்கிறது. அடுப்பும் மங்கல், பலகையும் மங்கல். என் இடது தோளுக்குப் பக்கத்தில், ஒரு ஆள் நிற்கிற இடம், வெறும் இடம், அதையொட்டிய கதவு நிலை மட்டும் மரத்தின் ரேகைவரை துல்லியமாக இருக்கிறது.

சுதாகரன் என்னைப் போலத்தான், எதற்கும் காரணம் கேட்கிறவன். நீங்க அசைஞ்சிருப்பீங்கப்பா, அதான் மங்கலா விழுந்திருக்கு என்றான்.

"நான் அசைஞ்சேன், சரி. அடுப்புமாடா அசைஞ்சிச்சு?"

அவன் கம்ப்யூட்டரை மூடிவிட்டு, சாப்பிடுவோம் வாங்க என்றான்.

இப்போது பகலில் அவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு நான் மட்டும்தான் வீட்டில். கெமராவைக் குசினி மேசையில் வைத்து அமத்துகிறேன், வெளிச்சம் எரிகிறது. வாய்க்கு வந்தபடி ஏசிப் பார்த்துவிட்டேன், மேல் வீட்டுச் சிங்களவர் ஒருநாள் இறங்கி வந்து சுகமா மாத்தயா என்று விசாரித்துவிட்டுப் போனார். ஒரு படம் விழவில்லை. எங்கள் காம்பராவில் புதிதாகக் கல்யாணமான பிள்ளைகள் இருக்கிறார்களாம், அங்கே போய்ப் பார்க்கவும் வழியில்லை.

அவள் பலகையிலிருந்து எழுந்து வாசலுக்கு, என் பக்கத்துக்கு வந்தாள், அதுவரைக்கும் கெமரா பார்த்திருக்கிறது. என்கூட வருவதற்காக எழுந்தாளா, வாசல்வரை வந்து வழியனுப்பினாளா என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. வழியனுப்பத்தான் வந்தாள் என்றால், அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள், நான்தான் அவளைத் தனியாக விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.