காசு வாங்காத ஓட்டல்

காசே வாங்காத ஓட்டலில் நீங்கள் எப்போதாவது சாப்பிட்டிருக்கிறீர்களா? நான் சாப்பிட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் படித்தபோது எவனாவது திருவள்ளூர் தேரடித் தோசை, சென்ட்ரல் ஸ்டேஷன் கட்லெட் என்று அளக்க ஆரம்பித்தால் போதும், புதுவாயல் ஓட்டலை எடுத்து விடுவேன். போர்டு கிடையாது, கல்லா கிடையாது, கேட்கக் கேட்கச் சோறு. அத்தனை பேர் வாயும் மூடிக்கொள்ளும். அப்படி ஒரு பெருமை எனக்கு.

அங்கே சாப்பிட்டபோது எனக்கு ஏழு வயது. ஊர் வேப்பம்பட்டு. நைனா கல்கத்தா ரோட்டில் லாரி ஓட்டினார். மாதம் ஒருமுறை வருவார், பணம் தருவார், தூங்குவார், போவார். அந்த வருஷம் தீபாவளிக்கு வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. நாடு பூரா அரிசிப் பஞ்சம். ரேஷனில் போட்ட கோதுமையைக் கஞ்சியாக்கிக் குடித்துக்கொண்டிருந்தோம்; பிறகு அதற்கும் வழியில்லை. அம்மா தன் தம்பியையும் என்னையும் கூட்டிக்கொண்டு நைனாவைத் தேடிக் கிளம்பினாள். புதுவாயல் கூட்டுரோட்டில் லாரியை நிறுத்துவார் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, கவரைப்பேட்டையில் இறங்கி நடந்தோம். மாமா ஜாலியான ஆசாமி.

“நைனாவப் பாத்ததும் இன்னாடா கேக்கப்போற?”

“ஆரன் அடிக்கணும்.”

“வெறும் ஆரனா? லாரியவே எழுதி வாங்குடா, பேமானி!”

அம்மா சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டே இருந்தாள்.

கூட்டுரோட்டு டீக்கடையில் மாமா நைனாவின் பெயரைச் சொல்லி விசாரித்தார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் குவளையை வைத்துவிட்டு மாமாவை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் என்னவோ சொன்னார். கடைசி வார்த்தைகள்தான் எனக்குக் கேட்டன: “தோ, பந்தல் போட்டுக்கீறாங்க பாரு, அங்கதான். சாப்பாடு நடந்துக்கினு கீது, போ.”

மாமா வந்து அம்மாவின் காதில் சொன்னார். அம்மா மைல்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் போகிற வருகிற லாரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ இங்கயே குந்திக்கினு இரு, அக்கா. நான் பூந்து நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்.”

“யாரக் கேப்ப? எழுப்பி உக்கார வச்சா கேப்ப?”

“அந்தப் பொம்பளயக் கேக்கறேன்.”

“அவ இன்னா பண்ணுவா? எந்திரி, போலாம்.”

“ஊட்டுக்கா?”

“பந்தலுக்கு.”

எவனோ தூங்குகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பசி. அதைச் சொன்னேன். மாமா முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டுக் குனிந்தார். “புது ஓட்டல் தொறந்துக்கீறாங்கடா. இன்னிக்கி எல்லாருக்கும் ஃப்ரீ.”

ஆகா, என்ன ஓட்டல்! வரிசையாக வாழையிலை. உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் காக்கிச் சட்டை. லாரிக்காரர்கள் ஆந்திராவிலிருந்து மூட்டை கட்டி வந்த அரிசியாகத்தான் இருக்கும், மல்லிகைப்பூ மாதிரி வெள்ளைச் சோறு, ஆவி பறக்கிறது. சாம்பார், உருளைக்கிழங்கு, வடை, பாயசம். ஒரு மூலையில் ஸ்டூல் மேல் காக்கிச் சட்டையை மடித்து வைத்து, மாலை போட்டு, பக்கத்தில் பீடிக்கட்டும் வைத்திருந்தார்கள். டிரைவர்கள் வருகிற ஓட்டல், சாமி படத்துக்குப் பதிலாகச் சட்டை வைத்திருக்கிறார்கள் என்று தீர்மானித்தேன். அப்பவே மூளை அப்படி!

ஓட்டல்கார அம்மாள் சின்ன வயசு. இடுப்பில் கைக்குழந்தை, வெறும் நெற்றி. எங்கள் இலைப்பக்கம் வந்து நின்றாள்.

“எந்த ஊரு? அவருக்கு இன்னா வேணும் நீங்க?”

மாமா வாயைத் திறந்தார். அம்மா முந்திக்கொண்டாள். “ரோட்டுப் பழக்கம்.”

“எத்தினி பேரு வந்துக்கீறாங்க பாருங்க. மனுசன் ரோடு பூரா சம்பாரிச்சு வச்சிட்டுப் போயிட்டாரு,” என்றவளுக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். “கொஞ்சம் புடிங்கக்கா,” என்று குழந்தையை அம்மாவின் மடியில் விட்டுவிட்டுப் போனாள்.

அம்மா குழந்தையை இடது தொடையில் சாய்த்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். மாமா வாயில் வைக்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அம்மா சாம்பாருக்கு வாங்கினாள், ரசத்துக்கு வாங்கினாள், மோருக்கும் வாங்கினாள். வீட்டில் தன் பங்கையும் என் தட்டில் தள்ளிவிடுகிற அம்மா அப்படிச் சாப்பிட்டதை நான் பார்த்ததே இல்லை. நான் மறுசோறு கேட்கக் கூச்சப்பட்டபோது அதட்டினாள்.

“கேட்டுத் துன்னுடா. இங்க நமக்கும் பாத்தியதை கீது.”

குழந்தை அவள் தாலிச்சரட்டைப் பிடித்து இழுத்தது. விரல் விரலாகப் பிரித்து எடுத்துவிட்டாள்.

கிளம்பும்போது, நல்ல பிள்ளை இல்லையா நான், கும்பிட்டு உரக்கச் சொன்னேன்: “சாப்பாடு ஃபஸ்ட் கிளாஸ்! போயிட்டு வரோம்!” பந்தலே திரும்பிப் பார்த்தது. மாமா என் வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். ஸ்டேஷன் வரைக்கும் இறக்கிவிடவில்லை. அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்து நானும் சேர்ந்து சிரித்தேன்.

சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பது எனக்குத் தெரியாது. அது நைனாவின் பதினாறாம் நாள் காரியம் என்பது தெரியாது. நெல்லூருக்கு முன்னால் லாரி கவிழ்ந்திருக்கிறது. கூட ஓட்டினவர்களுக்குத் தெரிந்த வீடு அது ஒன்றுதான். அங்கேதான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அம்மா மடியில் கிடந்தது என் தம்பி. இதெல்லாம் நான் காலேஜில் சேர்ந்த வருஷம் மாமா சொல்லித்தான் தெரியும். பெருமை அன்றோடு செத்தது.

அம்மா இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. தெருவில் கேட்டால் “அஸ்ஸாம் லைன்ல கீறாரு” என்பாள். ஒருத்தி தாலி கழற்றினால் போதும் என்று அந்தப் பந்தலிலேயே முடிவு பண்ணிவிட்டாளோ என்னவோ. எனக்குத் தெரியும் என்று நானும் காட்டிக்கொள்ளவில்லை. என்னவென்று ஆரம்பிப்பது?

வாசலில் பூக்காரி வந்திருக்கிறாள். அம்மா ஒரு முழம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.