பாறைக்கு ஒரு பேர்

எல்ஸ்பெத் ஸ்கார்னஸ் என்ற மீனவ ஊருக்கு வாக்கப்பட்டு வந்தபோது அவளுக்குச் சிப்பி திறக்கத் தெரியாது, தூண்டில் கயிற்றில் இரை கோக்கவும் தெரியாது. மேட்டுப்பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். எல்லாம் கற்றுக்கொண்டாள். புருஷன் கில்பர்ட்டின் கால் நனையாமல் அவனை முதுகில் சுமந்து படகில் ஏற்றிவிடவும் பழகினாள். ஒன்று மட்டும் வரவில்லை. அந்த ஊரில் பன்றி என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது; எடுத்தால் கடலில் கேடு வரும் என்று நம்பிக்கை. அவளோ பன்றிக்குத் தவிடு கரைத்து ஊற்றி வளர்ந்தவள். மறந்து சொல்லிவிட்டால் வீட்டு ஆண்கள் தோஷம் கழியப் பாய்ந்துபோய் இரும்பைத் தொடுவார்கள்.

இதில் கூத்து என்னவென்றால், துறை வாயிலின் இருபுறமும் கிடக்கிற பாறைகளில் பெரியதற்குப் பேரே பன்றிப் பாறை. எந்தப் புண்ணியவான் வைத்தானோ. கடலுக்குப் போகிறவர்கள் அந்தப் பேரைச் சொல்லாமல் கையை நீட்டிக் காட்டுவார்கள்.

போன குளிர்காலத்து மூடுபனியில் கில்பர்ட் சுக்கான் பிடித்திருந்தான். முன்னால் நின்ற தம்பி ஆண்ட்ரூ பாறையைப் பார்த்துவிட்டு, "அங்க, அங்க" என்று கத்திக் கையை நீட்டினான். அந்தப் பனியில் நீட்டிய கை யார் கண்ணுக்குத் தெரியும்? ஆண்ட்ரூ ஒரு துடுப்பைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தான். அண்ணன் சேரவில்லை.

இதை ஆண்ட்ரூவே வந்து சொன்னான். எல்ஸ்பெத் கேட்டுக்கொண்டே இரை கோத்தாள். அழவில்லை. அதற்குப் பிறகும் அழுகை வரவில்லை. தின்றது ருசிக்கவில்லை, பசிக்கவும் இல்லை.

ஊர் அந்தப் பாறையைக் கில்பர்ட் பாறை என்று கூப்பிடத் தொடங்கியது. சொல்லக்கூடிய பேர் ஒன்று கிடைத்ததில் படகுக்காரர்களுக்கு நிம்மதி. "கில்பர்ட்ட ஒட்டிப் போகாத" என்று அவர்கள் கத்துவது கரையில் சிப்பி பொறுக்குகிற எல்ஸ்பெத்துக்குக் கேட்கும். கொன்ற கல்லுக்கு அவன் பேரா என்று நினைப்பாள். நினைத்தாலும் உள்ளே எதுவும் அசையாது.

கோடையில் நிலப்படத்துக்குப் பேர் கேட்டு ஒரு சர்வேயர் வந்தார். எந்த இடமானாலும் மூன்று ஆட்கள் ஒரே பேரைச் சொன்னால்தான் எழுதுவாராம். இதைக் கில்பர்ட் பாறை என்று இருவர் சொல்லியாயிற்று. வீட்டில் சிப்பி திறந்துகொண்டிருந்த எல்ஸ்பெத்திடம் ஆண்ட்ரூ அவரை அழைத்து வந்தான்.

"அண்ணி, நீங்களும் சொல்லிட்டா படத்துல ஏறிடும். அண்ணன் பேரு காலத்துக்கும் நிக்கும்ல."

"அதுக்குத்தான் ஏற்கெனவே ஒரு பேரு இருக்கே."

"அது பழசு அண்ணி."

"பழசுதானே, சொல்லேன் பாப்போம்."

ஆண்ட்ரூவின் கை கதவுக் கீலுக்குப் போனது.

"இரும்ப விடு தம்பி. விட்டுட்டுச் சொல்லு."

"வேணாம் அண்ணி."

"உங்கண்ணன் பின்னால சுக்கான் பிடிச்சிருக்காரு. கண்ணு தெரியல. எது வருதுன்னு கேக்குறாரு. சொல்லு."

அவன் கீலிலிருந்து கையை எடுத்தான்.

"பன்னி" என்றான். "பன்னிப் பாறை."

"நானும் அதையேதான் சொல்றேன்" என்றாள் எல்ஸ்பெத்.

சர்வேயர் தலையைச் சொறிந்தார். மற்ற இருவரையும் திரும்பக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். கூரை இடிந்து விழவில்லை, கடல் பொங்கி வரவில்லை. அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. சொன்னால் இவ்வளவுதானா என்று எல்ஸ்பெத்துக்குத் தோன்றியது. இதற்காகவா போனான்? சிப்பிக் கத்தியைக் கீழே போட்டுவிட்டு, கில்பர்ட் போனபின் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். ஆண்ட்ரூ நிலைப்படியிலேயே நின்றான். கிட்டே வர அவனுக்குத் தைரியம் வரவில்லை.