மூஞ்சியைக் காட்டிட்டுப் போ

அந்த ஏட்டு என்னிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைத் தெரிந்தவர்கள் எல்லாம் நான் திருந்திய கதையைத்தான் பேசுகிறார்கள். திருந்தியது உண்மைதான். மனசு ஆறிவிட்டது என்று யார் சொன்னது?

மாமல்லபுரத்தில் சுற்றிப் பார்க்க வந்த யாரோ நிறுத்திவிட்டுப் போன பைக்கை எடுத்தேன், மாட்டினேன். முதல் தடவை என்பதால் கோர்ட்டில் ஜெயிலுக்கு அனுப்பாமல் நன்னடத்தை அலுவலர் பொறுப்பில் விட்டார்கள். அந்த அலுவலர் என் வயதுப் பெண். மாதம் ஒருமுறை செங்கல்பட்டில் அவரைப் போய்ப் பார்க்க வேண்டும், தப்புத்தண்டாவுக்குப் போகக் கூடாது. கோர்ட் சொன்னது அவ்வளவுதான்.

அதற்கு மேல் ஒன்றை எங்கள் ஊர் ஸ்டேஷன் ஏட்டு தானாகச் சேர்த்துக்கொண்டார். "தெனம் காலைல பத்து மணிக்கு ஸ்டேஷனாண்ட வந்து மூஞ்சிய காட்டிட்டுப் போவணும். இன்னா, புரியுதா?" எங்கள் தெருவில் காக்கிச்சட்டை சொன்னால் கோர்ட் சொன்ன மாதிரி. நானும் அப்படித்தான் நினைத்தேன். போனால் உள்ளே விட மாட்டார். பிடித்துவைத்த வண்டிகள் துருப்பிடித்துக் கிடக்கும் இடத்தில், ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்க நிற்க வேண்டும். அவர் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் போகலாம். ஒருநாள் அம்மா கூடவே வந்து, "எம் புள்ள அப்டிப்பட்டவன் இல்லீங்கய்யா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார்.

மறைமலைநகரில் ஒரு வேலை கிடைத்தது. கம்பெனி பஸ் விடியும்போதே வந்துவிடும். பத்து மணிக்கு ஸ்டேஷனில் நிற்க வேண்டியவன் அதில் எப்படி ஏறுவான்? அந்த வேலை போயிற்று. அடுத்ததும் போயிற்று. பழைய கூட்டாளி ஒருவன், கோவளத்தில் நல்ல வண்டி ஒன்று நிற்கிறது, வா என்று சொல்லி அனுப்பினான். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். போகிற போக்கில் ஏட்டின் வண்டியையும் கொளுத்திவிட்டுப் போவதாக முடிவு செய்திருந்தேன்.

அதற்குள் மேடத்தைப் பார்க்க வேண்டிய நாள் வந்தது. ஏன் எந்த வேலையிலும் நிலைப்பதில்லை என்று கேட்டார். எரிந்து விழுந்தேன். தினமும் பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டு, வேலைக்கும் போ என்றால் நான் என்ன இரண்டு ஆளா என்று கத்தினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"உங்கள யாரு வரச் சொன்னது?" என்றார்.

மறுநாள் நான் போனபோது மேடம் எனக்கு முன்பே வந்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சத்தம் போடவில்லை. இவர் என் பொறுப்பில் இருக்கிறவர், எந்த உத்தரவின்படி வரச் சொல்கிறீர்கள் என்று ஏட்டிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஏட்டு ரிஜிஸ்டரைப் புரட்ட ஆரம்பித்தார். மத்தியானம் மேடம் அங்கேயே டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டார். இன்ஸ்பெக்டர் வந்து, நாளையிலிருந்து இவன் வர வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் எழுந்தார். பிறகு ஒரு மெக்கானிக்கிடம் நேரில் போய்ப் பேசி என்னைத் தொழிலில் சேர்த்துவிட்டார். நான் கோவளத்துக்குப் போகவில்லை.

இப்போது மாமல்லபுரம் ரோட்டில் எனக்கே ஒரு ஷாப் இருக்கிறது. போன வருஷம் அதன் வாசலில் ஏட்டு வந்து நின்றார். அவர் ரிட்டயராகிவிட்டார், தொப்பை இன்னும் டியூட்டியில்தான் இருக்கிறது. மகன் பைக் திருட்டில் மாட்டி, என்னைப் போலவே அதே மேடத்தின் பொறுப்பில் இருக்கிறானாம். யாரும் வேலை தரவில்லையாம். மேடம்தான் என்னைக் கேட்டுப் பார்க்கச் சொன்னாராம்.

நான் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. ஒரு வண்டியின் செயினைக் கழற்றிக் கழுவி, ஆயில் விட்டு மாட்டினேன். உள்ளே ஸ்டூல் காலியாக இருந்தது. அவர் வெயிலில் நின்றார்.

"எம் பையன் அப்டிப்பட்டவன் இல்ல, தம்பி" என்றார்.

அம்மா சொன்ன அதே வார்த்தை. நான் சிரித்திருக்கலாம். அந்த ஒரு சிரிப்புக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். ஆனால் சிரித்து விரட்டிவிட்டால் அன்றைக்கே எல்லாம் முடிந்துவிடும். எனக்கு அது போதாது.

"வேல கீது" என்றேன். "ஆனா தெனம் நீங்கதான் கூட்டியாந்து வுடணும். பத்து மணிக்கு."

தவறாமல் வருகிறார். பையன் நேராக உள்ளே வந்து வேலையைத் தொடங்கிவிடுவான். தொழில் நன்றாகவே வருகிறது. அவன்மேல் எனக்கு ஒன்றுமில்லை. அப்பா மட்டும் வாசலில், ரோட்டில் போகிறவர்கள் பார்க்க நிற்பார். நான் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் போவார். அவருக்குப் புரிந்திருக்கிறது என்பது முகத்திலேயே தெரியும். அதைப் பார்க்கத்தான் நான் பத்து மணிக்கு முன்பே கடையைத் திறந்துவிடுகிறேன்.

ஒருநாள் பையனைப் பார்க்க மேடம் வந்தார். வாசலில் நின்றவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே போய் ஸ்டூலை எடுத்து வந்து நிழலில் போட்டு, அவரை உட்கார வைத்தார்.

மேடம் பஸ் ஏறியதும் அந்த ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.