நிதானத்தின் வண்டிக்குப் பெரிய டயர்

விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நிதானம் வண்டியைத் தெருவுக்குள் கிளப்ப மாட்டார். எதிர்வீட்டு முன்னறையில் நோயோடு கிடந்த ஒரு அம்மாவுக்கு அந்த நேரத்தில்தான் கொஞ்சம் கண் அசரும். பிக்கப்பை நியூட்ரலில் போட்டு, கதவோரம் தோள் கொடுத்துத் தள்ளி, தெருமுனை இறக்கத்துக்குப் போன பிறகுதான் சாவியைத் திருப்புவார். யாரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை. நல்ல பாட்டரி வாங்கத் துப்பில்லாத மனுஷன் என்றுதான் அவர் மனைவியே நினைத்திருந்தாள்.

நிதானம் என்பது கொத்தனார்கள் வைத்த பேர். கான்கிரீட் கலக்கும் மிஷினைப் பிக்கப்பின் பின்கொக்கியில் மாட்டி, கட்டட வேலை நடக்கும் இடங்களுக்கு இழுத்துப் போவார். அவர் வருகிற வேகத்தைப் பார்த்து, நிதானம் முனை திரும்பிவிட்டாராம், இனி ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கலாம் என்று கிண்டல் பண்ணுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அத்தனை வருஷத்தில் அவர் இழுத்துப் போன மிஷினில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

அவர் மனைவியின் தம்பி டயர்க்கடை வைத்திருந்தார். வாடிக்கைக்காரர் ஒருவர் ஆசைப்பட்டு வரவழைத்த நாலு பெரிய டயர்கள், அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் கடையிலேயே தங்கிவிட்டன. அவற்றைப் பார்க்கப் பார்க்க டயர்க்காரருக்கு ஓர் எண்ணம் வந்தது. மாமாவின் வண்டி நாலு இடம் போகிற வண்டி. அதில் மாட்டினால் பார்க்கிறவன் எல்லாம் எந்தக் கடை என்று கேட்பான். மாமாவுக்கும் ஒரு மதிப்பாக இருக்கும். இரண்டில் எது முதலில் தோன்றியது என்று பிற்பாடு அவர் தன்னையே பல தடவை கேட்டுக்கொண்டார்.

நிதானம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இழுவை கொறையாதா மாப்ள?"

"ஒண்ணும் ஆகாது மாமா. நான் இருக்கேன்ல."

குறையும் என்று டயர்க்காரருக்குத் தெரியும். பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் ஓடும். அந்தத் தூரத்தை இஞ்சின்தான் மூச்சைப் பிடித்துத் தள்ள வேண்டும். வெறும் வண்டி சமாளித்துக்கொள்ளும், பின்னால் பாரம் தொங்கினால் திணறும். அதற்கு ஏற்றபடி பின் அச்சுக்குள் இருக்கும் கிரவுன் பல்சக்கரத்தையும் மாற்ற வேண்டும். இப்போதைக்கு டயரை மாட்டிவிட்டு, அடுத்த வாரம் தெரிந்த பட்டறையில் சொல்லி அதை மாற்றிவிடலாம் என்று நினைத்தார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

ஒருநாள் நிதானம் கடைக்கு வந்து, முன்பு இரண்டாம் கியரில் ஏறிய மேட்டுக்கு இப்போது முதல் கியர் கேட்கிறது, ஸ்பீடாமீட்டர் முள் காட்டுகிற வேகத்தைவிட வண்டி அதிகமாக ஓடுகிற மாதிரி இருக்கிறது, கிளச் கருகிய வாடை வேறு வருகிறது என்று சொன்னார். கடையில் கூட்டம். டயர்க்காரர் குனிந்த தலை நிமிராமல் பதில் சொன்னார்.

"புது டயர் மாமா. போகப் போகப் பழகிடும்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். தன் வீட்டுப் பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற மனசு அவருக்கு.

மழை விட்ட ஒரு காலையில், செங்குத்தான ஏற்றத்தில் மிஷினோடு ஏறியபோது வண்டி பாதியில் நின்றுபோனது. முதல் கியரிலும் நகரவில்லை. கிளச் வழுக்கியது. பாரம் பின்னுக்கு இழுக்க, ஈரத் தரையில் பிரேக்கும் பிடி கொடுக்கவில்லை. கீழே ஆட்கள் மணல் அள்ளிக்கொண்டிருந்தார்கள். நிதானம் ஸ்டியரிங்கை ஒடித்து வண்டியைப் பக்கத்துச் சுவரில் கொண்டுபோய் மோதினார். மற்ற யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவருடைய இடது முழங்கால் மட்டும் நொறுங்கிப்போனது.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அக்கா அழுதுகொண்டே புருஷனைத்தான் திட்டினாள். கண்ணை மூடிக்கொண்டா ஓட்டினீர்கள், வயசாகிவிட்டது என்றால் சொல்ல வேண்டியதுதானே என்றாள். நிதானம் ஓட்டும்போது தூங்கிவிட்டிருப்பார் என்று கட்டட மேஸ்திரியும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நிதானம் என்ற பேரே கேலியாகிவிட்டது. டயர்க்காரர் சாத்துக்குடி உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தவர், அக்காவின் முகம் பார்த்து நிறுத்திக்கொண்டார். இன்னும் கொஞ்சம் தேறட்டும், சொல்லிவிடலாம் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார். கடவுள் முன்னால் கண்ணை மூடினால் பிரார்த்தனை வரவில்லை. போகப் போகப் பழகிடும் என்ற தன் குரலே திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது.

எலும்பு கூடியது, கால் மடங்கவில்லை. கிளச் மிதிக்க முடியாத காலோடு என்ன தொழில் செய்வது? பிக்கப் கைமாறியது. தூரத்து ஊரில் கிடங்கு வைத்திருந்த நிதானத்தின் அண்ணன், காவலுக்கு உட்கார்ந்தால் போதும் என்று கூப்பிட்டார்.

ஊரைவிட்டுக் கிளம்பும் நாளில் நிதானம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்; அக்கா பஸ் நிலையத்தில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அவள் வந்ததும் இருவர் முன்னாலும் சொல்லிவிடுவது என்று டயர்க்காரர் முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தார். முதலில் மாமாவிடம் சொல்லிவிடலாம் என்று ஜன்னலுக்குக் கீழே நின்று வாயைத் திறந்தார். மாமா, அந்த டயர், என்பதற்கு மேல் வரவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

நிதானம் ஊன்றுகோலை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, ஜன்னல் வழியாக அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தூரத்தில் அக்கா பாட்டிலோடு வந்துகொண்டிருந்தாள்.

"தெரியும் மாப்ள. பட்டறையில வண்டியக் கழட்டினவன் சொன்னான். நான்தான் பெரிய டயர் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னேன்னு உங்க அக்காகிட்ட சொல்லிட்டேன். பொறந்த வீடுன்னு அவளுக்கு இருக்கறது நீ ஒருத்தன். இப்பப் போயி எதையும் மாத்திச் சொல்லாத."