அம்மா விளக்கேற்றாத மாதங்கள்

"கக்கூசுல ரத்தம் பட்டா அது மூலம். அதச் சொல்றதுக்கு ஏ.எல். பாஸ் பண்ணணுமா?"

கேட்டவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த காம்பராவில் இருக்கிறாள். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று நான் சொன்னதற்கு வந்த பதில் அது. "ரெண்டு தம்பிலி எளநி வெட்டிக் குடு, சூடு எறங்கிரும். எனக்கும்தான் வந்திச்சு. நான் செத்தா போய்ட்டேன்?"

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான ஏ.எல். எழுதிய முதல் ஆள் நான். தெஹியோவிட்ட டவுனில் கந்தோரில் எழுத்து வேலைக்குப் போகிற முதல் ஆளும் நான்தான். இதை யாரிடம் சொல்லவும் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் அன்று இந்த விஷயத்தில் அத்தையைவிட எனக்கு அதிகமாக எதுவும் தெரியாது. அம்மாவுக்கு மூலம் என்று சொன்ன ஒருவரும் உள்ளே பார்த்துச் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும்.

அம்மா ரப்பர் மலையில் பால் வெட்டுகிறவள். வேலை முடிந்து குளித்ததும் சாமி படத்துக்கு விளக்கேற்றுவது அவள் வழக்கம். சில மாதங்களாக, "நீ ஏத்து பாப்பா" என்று என்னிடம் விட்டுவிட்டாள். அசதி என்று நினைத்துக்கொண்டேன். மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. எந்த வருடமும் தவறாமல் பால்குடம் எடுப்பவள், இந்த முறை வரவில்லை என்றாள்.

"ஏம்மா?"

"தீட்டு."

"ஒனக்குத்தான் நின்னு அஞ்சாறு வருசமாச்சே?"

காய்ந்த துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "ரத்தம் ரத்தந்தானே பாப்பா. முன்னால வந்தா என்ன, பின்னால வந்தா என்ன."

அவள் அதை நோய் என்றே எண்ணியிருக்கவில்லை. தீட்டு என்றால் விலகி இருந்தால் போதும், தானாக முடிந்துவிடும். அதற்கு மருந்து தேடுகிறவர்கள் உண்டா?

அத்தை சொன்னதைக் கேட்காமல் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸில் போகும்போது டாக்டரிடம் சொல்ல வேண்டியதைச் சிங்களத்தில் மனதுக்குள் கோத்துக்கொண்டே போனேன். டாக்டர் ஒரு சிங்கள இளம் பெண். நான் வாயைத் திறந்ததும் அம்மா என் முழங்காலில் கையை வைத்து அழுத்திவிட்டு, தானே பேசத் தொடங்கினாள். பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பெண்களோடு சேர்ந்து வேலை செய்தவளுக்கு என்னைவிட நல்ல சிங்களம். என்னிடம் தமிழில் சொல்ல முடியாத எல்லாவற்றையும் அந்த மொழியில் சொன்னாள். மொழிபெயர்க்கப் போன நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன தீபாவளிக்கு முந்தின தீபாவளியிலேயே தொடங்கியிருக்கிறது. முதலில் எப்போதாவது வந்தது, சில மாதங்களாக அடிக்கடி வந்திருக்கிறது. ரத்தம் தனியாகச் சொட்டவில்லை, மலத்தோடு கலந்து கருஞ்சிவப்பாக வந்திருக்கிறது. பல தடவை போனாலும் முழுதாகப் போன மாதிரி இல்லை. பாவாடை நாடாவை இறுக்கிக்கொண்டே வந்திருக்கிறாள். மலை ஏறினால் மூச்சு வாங்கியது. தோட்டத்து டிஸ்பென்சரியில் அசதி என்று மட்டும் சொல்லி, ரத்தம் ஊறுவதற்கான மாத்திரை வாங்கியிருக்கிறாள். அதைப் போட்ட பிறகு மலம் கறுத்தது. அதன் பிறகு வந்த ரத்தத்தையும் மாத்திரையால்தான் என்று விட்டுவிட்டாள்.

டாக்டர் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கையுறை போட்டுப் பரிசோதித்தார். "மூலமும் இருக்கிறது," என்றார். "ஆனால் இந்த ரத்தம் அதனால்தான் வருகிறது என்று பார்க்காமல் சொல்லமாட்டேன்." பிறகு எனக்காக நிதானமாக விளக்கினார். மலம் போன பிறகு பளிச்சென்ற சிவப்பில் கொஞ்சம் சொட்டினால் பெரும்பாலும் மூலமாகவோ ஆசனவாய் வெடிப்பாகவோ இருக்கும். அதுவும் ஓரிரு வாரத்தில் நிற்காவிட்டாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ காட்ட வேண்டும். ரத்தம் மலத்தோடு கலந்து வந்தால், மலம் போகும் வழக்கம் மாறினால், உடம்பு மெலிந்து அசந்தால், வயது ஐம்பதைத் தாண்டியிருந்தால், வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தக் கூடாது. தார் மாதிரிக் கறுத்துப் போனாலோ, நிறைய ரத்தம் போய்த் தலை சுற்றினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும்.

எழுந்திருக்கும்போது அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். இதோடு கோயிலுக்குப் போகலாமா?

"ஏக்க லெடக், அம்மே," என்றார் டாக்டர். அது ஒரு நோய், அம்மா.

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். "லெடக்."

பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுக் குடலைப் பார்க்க நாள் கொடுத்தார்கள். அதற்கு முந்தின நாள் வயிறு சுத்தமாவதற்கு மருந்து குடிக்க வேண்டும். லயத்துக்கெல்லாம் பொதுவான கக்கூஸ் பள்ளத்தில் இருக்கிறது. அம்மா போவதும் வருவதுமாக இருக்க, நான் வாளியோடு வெளியே நின்றேன். அத்தை இன்னொரு வாளித் தண்ணீரோடு இறங்கி வந்தாள்.

"மகாராணிக்குக் காவலா?"

"வேற ஆள் வந்தா நீங்கதான் வெரட்டணும் அத்தை."

"அதுக்குப் படிப்பு வேணாம், வாய் போதும்," என்றவள் கடைசிவரை என்னோடு நின்றாள்.

பெருங்குடலில் கட்டி இருந்தது. அறுத்து எடுத்தார்கள். புற்றுநோய் என்று சொன்னவர்கள், வைத்தியம் இருக்கிறது என்பதையும் சொன்னார்கள். முன்பே வந்திருந்தால் எளிதாக முடிந்திருக்குமா என்று நான் கேட்டேன். சத்திர சிகிச்சை டாக்டர் ஆமாம் என்று தலையசைத்தார். அம்மா இன்னும் மருந்தில் இருக்கிறாள். மலை ஏற முடியவில்லை. ஒரு கரண்டி கஞ்சி கூடுதலாக இறங்கினால் அன்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் குரல் கொஞ்சம் உயரும்.

பிள்ளைகள் நாற்பது வயதிலாவது இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும், ரத்தம் கண்டால் அதுவரை காத்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணனுக்கு நாற்பது நெருங்குகிறது. கொழும்பில் ஒரு இரும்புக் கடையில் வேலை செய்கிறார். போன் எடுத்து, கக்கூசில் ரத்தம் வருகிறதா என்று நேராகவே கேட்டேன்.

"பொம்பளப் புள்ள கேக்கிற கேள்வியா இது?"

"ஆமா. வருதா, இல்லையா?"

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "கொத்து ரொட்டி திங்கிற அன்னைக்கு மட்டுந்தான். காரம்."

"எவ்வளவு நாளா?"

"கடையில ஆள் வந்திட்டாங்க," என்று வைத்துவிட்டார்.

மறுநாள் கந்தோருக்கு லீவு சொல்லிவிட்டு அவிசாவளைக்கு பஸ் ஏறி, அங்கிருந்து கொழும்புக்குப் போனேன். அண்ணன் கடையின் பின்பக்க ஸ்டோரில் இருந்தார். வாசலில் நின்றபடியே அவருக்கு மறுபடி போன் எடுத்தேன்.

"வெளிய வாங்கண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போவோம். மொதலாளிகிட்ட ஒங்களுக்கு லீவு கேட்டுட்டேன்."