கொள்ளுச் சந்தகையும் என் பொய்யும்

அப்பா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய உழைப்பைப் பற்றி இந்த நினைவு மலரில் அண்ணன் எழுதியிருக்கிறார். "அப்பாவோட சமையலப் பத்தி நீ எழுதிப்போடு அம்மணி. வாராவாரம் தின்னவ நீதான" என்று மீதியை என்னிடம் ஒப்படைத்துவிட்டார். அதை எழுதத் தகுதியில்லாதவள் நான்தான் என்பது அண்ணனுக்குத் தெரியாது. இதைப் படிக்கும்போது தெரிந்துகொள்வார்.

அப்பா அந்தியூருக்குப் பக்கத்தில், காட்டுவேலைக்குக் கூலிக்குப் போகும் குடும்பத்தில் பிறந்தவர். வயிறு நிறைந்தால் போதும், ருசி பார்ப்பதெல்லாம் வசதியானவர்கள் சமாச்சாரம் என்றுதான் வளர்ந்தார். இளம் வயதிலேயே சோமனூருக்கு வந்து கூலிக்கு விசைத்தறி ஓட்டினார். வெகுகாலம் கழித்துச் சொந்தமாகத் தறி போட்டார். துணியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் வாங்க வருகிறவரிடம் தாமே விரித்துக் காட்டி, "இந்த எடத்துல பழுது இருக்குதுங்க, பாத்துக்குங்க" என்பார். அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால்தானோ என்னவோ, பிறர் சொல்வதையும் அப்படியே நம்பிவிடுவார்.

அம்மா காலமான பிறகு கோவையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வர மறுத்து, சோமனூரில் தனியாகவே இருந்தார். அதுவரை தண்ணீர் குடிக்க மட்டுமே அடுப்படிக்குள் போனவர், ரசம், பருப்பு என்று பழகிக்கொண்டு, பிறகு கைப்பேசியில் வீடியோ பார்த்துப் புதிது புதிதாகச் செய்ய ஆரம்பித்தார். சனிக்கிழமைதோறும் நான் ஈரோட்டிலிருந்து பாசஞ்சர் ரயிலில் போவேன். எனக்காக ஏதாவது ஒன்று காத்திருக்கும். பீர்க்கங்காய் அல்வா செய்திருப்பார். இல்லையென்றால் புளிச்சாற்றில் ஊறிய ராகி பஜ்ஜி. தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்ப்பார்.

"எப்படி இருக்குது கண்ணு?"

"அருமையா இருக்குதுங்கப்பா."

பெரும்பாலும் வாயில் வைக்க முடியாது. தனியாக இருக்கிற மனிதர், மனம் நோகக் கூடாது என்றுதான் முதல் பொய்யைச் சொன்னேன். அடுத்தடுத்த பொய்களுக்கு அந்தக் காரணம்கூடத் தேவைப்படவில்லை. மிச்சத்தையும் டிபன் பாக்ஸில் கேட்டு வாங்கிக்கொண்டு போய், ஸ்டேஷன் வாசலில் நாய்களுக்குக் கொட்டியிருக்கிறேன். சில நாள் அவையும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

அண்ணன் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சியபோது, விருந்துக்குத் தம் கையால் ஒரு பண்டம் செய்ய வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார். அரிசியோடு கொள்ளையும் ஆட்டி இடியாப்பம்போலப் பிழிந்த சந்தகையில் சோயா சாஸும் மிளகாய் சாஸும் ஊற்றிக் கிளறியது அது. முந்தைய வாரம்தான் அதை நான் தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கியிருந்தேன். "நீ நல்லாருக்குதுன்னு சொன்னீல்ல, அதையவே வெச்சரலாமா கண்ணு?" என்று போனில் கேட்டார். வேண்டாம் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது. "தாராளமா வெய்யுங்கப்பா" என்றேன்.

முதல் பந்தியிலேயே எல்லா இலைகளிலும் சந்தகை ஓரமாக ஒதுங்கியது. அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, ஒரு வாய் வைத்துவிட்டுச் சத்தமாகச் சொன்னார்: "ஏனுங்க மாப்ள, இத உங்கூரு அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குக் கொண்டு போயிருந்தா குதிரையாச்சும் திங்குமுங்களே!"

பந்தியே சிரித்தது. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நானும் சிரித்தேன். அப்பா என்னைப் பார்த்துவிட்டார்.

"யாருக்காச்சும் குடுத்து ருசி பாத்திருக்கக் கூடாதுங்களா?" என்று மாமா விடாமல் கேட்டார்.

"இல்லீங்க மச்சான். யாருக்கும் குடுக்கலீங்க. நானாச் செஞ்சுபோட்டேன்" என்றார் அப்பா.

எனக்குத் தெரிந்து அப்பா சொன்ன ஒரே பொய் அதுதான். என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னார். நான் செம்பைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்தேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அதன்பின் சனிக்கிழமைகளில் ரசமும் பருப்பும்தான். நான் என்ன சாப்பிட்டாலும் அப்பா என் முகத்தைப் பார்ப்பதில்லை. பல மாதம் கழித்து ஒரே ஒரு நாள், கம்பும் தட்டப்பயிறும் ஊறவைத்து அரைத்து, முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் போட்டு, கடலெண்ணெயில் அடை சுட்டார். என் ஆயுசில் அப்படி ஒரு அடை சாப்பிட்டதில்லை. நான்கு சாப்பிட்டேன். "சத்தியமா நல்லாருக்குதுங்கப்பா. அடுத்த வாரமும் இதையே சுடுங்க" என்றேன்.

"எனக்காகச் சொல்ல வேண்டாங் கண்ணு" என்றார், கோபமே இல்லாமல். அந்த அடையை மறுபடி அவர் சுடவில்லை.

உடம்புக்கு முடியாமல் அண்ணன் வீட்டில் படுத்திருந்தபோது பக்கத்திலேயே இருந்தேன். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று தினமும் வாயெடுப்பேன். "கஞ்சி வேணுங்களாப்பா?" என்றுதான் வெளியே வரும். ஒருநாள் காலையில் அதைக் கேட்கவும் அவர் இல்லை.

அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், தனியாக இருந்த காலத்தில் துணையாக இருந்த சோமனூர் அக்கம்பக்கத்தாருக்கும், தோள் கொடுத்துத் தூக்கிச் சென்ற உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. பெரிய மாமாவுக்கும் என் நன்றி. மாமா, நீங்கள் வாயில் பட்டதை அப்பாவிடம் மறைக்காமல் சொன்னீர்கள். பெற்ற மகளுக்கு அது முடியவில்லை.

உங்கள் எல்லாரிடமும் ஒரு வேண்டுகோள். இரண்டு பங்கு கம்புக்கு ஒரு பங்கு தட்டப்பயிறு, நான்கு வரமிளகாய், கை நிறைய முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம், கடலெண்ணெய். மாவைக் கெட்டியாக அரைத்து, தீயைக் குறைத்து வைத்துச் சுட வேண்டும். செய்து சாப்பிட்டுப் பாருங்கள். நன்றாக இருந்தால், அன்று ஒரு நாளாவது நான் அப்பாவிடம் உண்மை சொன்னேன் என்று நம்புங்கள். அப்பா நம்பாமலேயே போய்விட்டார்.